ஐந்து நிமிடத் தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசியோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே. இங்கே நானும் அம்மாவும் நலம், என் இடது முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. குட்டி குப்புற விழுந்து தலை தூக்குகிற படத்தை அம்மா தெருவில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டாள், தபால்காரர் இரண்டு தடவை பார்த்தாயிற்று. அடுத்த மாதம் நீங்கள் வருவதற்காக உன் அறைக்கு வெள்ளையடித்து ஜன்னலுக்குக் கொசுவலையும் போட்டுவிட்டேன். ஆனால் டிக்கெட் எடுத்துவிடாதே. குட்டி புட்டிப்பால் குடிக்கிறவள், அவளுக்குக் கொடுக்க இங்கே தண்ணீர் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். பன்னிரண்டு சோதனைக் கிணறுகள், மாதம் ஒருமுறை போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். குழாய்க்குள் ஒரு மாதமாகத் தேங்கிக் கிடப்பதைப் பிடித்தால் அது நிலத்தடி நீரே இல்லை, மோட்டாரைப் போட்டு இருபத்தைந்து நிமிடம் ஓடவிட்டு மீட்டரில் எண் ஆடாமல் நின்ற பிறகுதான் பாட்டிலைத் திறக்கணும். சின்ன வயதில் என்னோடு வந்துவிட்டு இன்னும் எவ்வளவு நேரம்ப்பா என்று நச்சரிப்பாயே, அதேதான். இந்த வருஷம் புதிதாக ஒரு ஆபீசர் வந்தார். எதற்கெடுத்தாலும் சீக்கிரம் சீக்கிரம் என்பதால் எங்கள் டிரைவர் அவருக்கு சீக்கிரம் சார் என்றே பெயர் வைத்துவிட்டார். அந்த மகானுபாவர், ஐந்து நிமிடம் ஓடினால் போதும், பன்னிரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள் என்றார். தப்பு என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேனா? இல்லை. முழங்காலை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பது மிச்சம் என்று மூன்று மாதம் அப்படியே பிடித்துக் கொடுத்தேன்.

தேங்கின தண்ணீர், வயல் உரத்திலிருந்து நிலத்துக்குள் இறங்கும் நைட்ரேட்டைக் குறைத்துத்தான் காட்டியது. உடனே தண்ணீர் தேறிவிட்டது என்று அறிக்கை, கூட்டம், கைதட்டல், அந்த ஜோரில் நைட்ரேட் அதிகம் என்று நம் தெருவுக்கு வந்துகொண்டிருந்த குடிநீர் லாரியையும் நிறுத்திவிட்டார்கள், தெருவே போர் தண்ணீருக்குத் திரும்பியது. எதிர்வீட்டுத் தையல்காரப் பெண்ணுக்கு இரண்டு மாதப் பையன், அவனுக்கும் புட்டிப்பால்தான். போன வாரம் உதடும் நகமும் நீலம் பாரித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிள்ளை பிழைத்துவிட்டான், அதை முதலில் சொல்லியிருக்கணும். என்ன தண்ணீர் கொடுத்தாய் என்று டாக்டர் கேட்டதற்கு, நல்லாக் கொதிக்க வெச்ச தண்ணிதான் டாக்டர் என்று அழுதாளாம். கைக்குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாமல் நீலம் பாரிக்க வைப்பது நைட்ரேட்தான். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் ஏறத்தான் செய்யும். உன் அம்மாவும் இத்தனை நாள் கொதிக்கவைத்தால் போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே நம் தெருமுனைக் கிணற்றுக்குப் போய் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பாட்டில், இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு பாட்டில் பிடித்தேன். நைட்ரேட் லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முதல் பாட்டில் முப்பத்தொன்று, இரண்டாவது எண்பத்தெட்டு. இரண்டு காகிதத்தையும் சீக்கிரம் சார் மேஜையில் வைத்தேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. ரிட்டயர் ஆக எட்டு மாசம்தானே இருக்கு, இப்ப எதுக்கு இதைக் கிளறுறீங்க என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் மேஜைக் கண்ணாடி தப்பியதே பெரிய விஷயம். அப்புறம் கொஞ்சம் இறங்கி, அறிக்கையை மாத்தணும்னா சாம்பிள் எடுத்தவர் கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுங்க என்றார். பார்த்தாயா சாமர்த்தியத்தை! எழுதிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் போதும் என்று ஆபீசர் வாயால் சொன்னார், தப்பு என்று தெரிந்தும் நான் செய்தேன் என்று இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். விசாரணை வைப்பார்கள் என்று அம்மா பயப்படுகிறாள். வைக்கட்டும். லாரி மட்டும் இன்னும் வரவில்லை.

ஆபீசரைத் திட்டி நாலு பக்கம் எழுதுவேன், ஆனால் தையல்காரப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. மெஷினை நிறுத்திவிட்டு, லாரி நின்னப்போ உங்ககிட்டதானே வந்து கேட்டேன், குடிக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்கண்ணே என்றாள். ஆமாம், சொன்னேன்.

அங்கே உங்கள் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சோதிக்கிறார்கள், எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் போய்க் கேள். யார் சொன்னாலும் காகிதத்தைக் காட்டச் சொல், அப்பாவே சொன்னாலும் சரி. குட்டி நோய்நொடி இல்லாமல் வளரட்டும், நீங்கள் மூவரும் நல்லபடியாக இருங்கள். மறக்காதே, லாரி வருகிறவரை டிக்கெட் எடுக்காதே.

இப்படிக்கு,
இருபது நிமிடம் மிச்சம் பிடித்த
உன் அப்பா