கொழுப்பு என்று சொன்ன கல்லீரல்

அன்பு மகள் சுண்டுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் என் இடது கண்ணில் வந்த கட்டி கதிர்வீச்சோடு தீர்ந்தது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கும் ஸ்கேன் எல்லாம் கல்லீரல் கொழுப்புக்கு என்றுதானே சொல்லி வைத்திருந்தாய். போன திங்கள் அம்மாவுக்கு முட்டிவலி, ஸ்கேனுக்கு நான் தனியாகப் போனேன். புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா ஃபைலை முதலிலிருந்து புரட்டி, "கண்ணுல மெலனோமாங்கற புற்றுநோய் வந்தவங்களுக்கு எத்தனை வருஷம் கழிச்சும் கல்லீரல்ல வரலாம். உங்களுது பரவுற வகைன்னு அப்பவே டெஸ்ட்ல வந்திருக்கே, தெரியும்ல?" என்றார். "எனக்குக் கொழுப்புதானேம்மா" என்றேன். அவர் ஃபைலை என் பக்கம் திருப்பினார். நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்ற வரிக்குக் கீழே உன் கையெழுத்து இருந்தது சுண்டு.

இல்லாத கொழுப்புக்குப் பதினோரு வருடம் பத்தியம் இருந்திருக்கிறேன், பஸ் டெப்போ கேன்டீனில் எல்லாரும் பொரித்ததைத் தின்னும்போது வெறும் டீயோடு. வீட்டுக்கு வந்து கேட்டால் உன் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "நீங்க தாங்க மாட்டீங்கன்னு அவதான் சொன்னா" என்கிறாள். கண் மங்கியதும் பஸ் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு டைம்கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்தேனே, அதைத் தாங்கியவன் இதைத் தாங்க மாட்டேனா?

விடாமல் ஸ்கேனுக்கு விரட்டியதும் நீதான், இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் இப்போது கல்லீரலில் தெரியும் புள்ளி சின்னதாக இருக்கும்போதே தெரிந்தது, பரவியதாகவே இருந்தாலும் வெட்டி எடுக்கப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சை அறுக்கிறது. நீ விமானம் ஏறிய அன்று டெப்போவில் ஆள் இல்லை என்று உன்னை வாசலோடு அனுப்பிவிட்டு டியூட்டிக்கு ஓடினேன். நீ என் கையை விடவே இல்லை, நான்தான் நேரமாகிறது என்று உதறினேன். நமக்கு எவ்வளவு நாள் இருக்கிறதோ என்ற பயம் உனக்கு இருந்தது, எனக்கு இல்லாமல் செய்துவிட்டாய். தெரிந்திருந்தால் உதறியிருப்பேனா?

வியாழக்கிழமை ஊசியால் சதை எடுத்துப் பார்க்கிறார்கள். முடிவை முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எதுவாக இருந்தாலும் அன்றைக்கே உனக்குச் சொல்வேன், ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல். நீ தாங்குவாய்.

எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இரு. வருடம் ஒரு தடவை உன் கண்ணையும் டாக்டரிடம் காட்டு, மறக்காதே.

கோபம் இன்னும் தீராத
உன் அப்பா