வெள்ளிக்கிழமைச் சந்தனம்

இன்று காலை திருப்பதி சாலைப் பெட்ரோல் பங்கில் எனக்கு முன்னால் நின்றவர் பைக்கின் டேங்க் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று ஒரு சத்தம். கூடவே பெட்ரோல் வாசனை. நண்பா, உன்னை நினைக்க எனக்குத் திதியெல்லாம் தேவைப்படுவதில்லை. வண்டிக்குப் பெட்ரோல் போட்டாலே போதும்.

மதனப்பள்ளிப் பக்கத்துத் தோட்ட முதலாளி ஒருவரிடமிருந்து அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நீ வாங்கி வந்தபோது அதற்கு உன் மகனைவிட வயது அதிகம். இரண்டே இருக்கை, துணிக் கூரை, பின்பக்கம் வெள்ளியாய் மின்னும் வட்டமான டேங்க் மூடி. மனைவி போன பிறகு உன் பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான். அதுவும் அரை மணி நேரத்துக்குத்தான்.

அரை மணி நேரம் ஓடும். பிறகு இருமும், குலுங்கும், நின்றுவிடும். பிளக்கை மாற்றினோம். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினோம். பம்பை மாற்றினோம். ஷெட்டில் டேங்க் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சோதித்தால் குறையே இல்லாமல் ஓடியது, மேலதிகாரி வரும் நாளில் மட்டும் வேலை செய்யும் அலுவலகம் மாதிரி. கடைசியில் நீ சித்தூர் வெயிலின் மேல் பழியைப் போட்டாய். "சூட்டுல பெட்ரோலு பைப்புக்குள்ளயே ஆவியாப் பூடுதுடா." ஈரத்துண்டைப் பம்பின் மேல் போட்டுச் சற்று நேரம் காத்திருந்தால் வண்டி கிளம்பவும் செய்தது. தப்பான வைத்தியத்துக்கு நோய் கேட்டுவிட்டால், அப்புறம் யார் வேறு வைத்தியம் தேடப் போகிறார்கள்?

உன் மகன் பக்திமான். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு வண்டிகளுக்கெல்லாம் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பான். அவனுடைய புதிய காருக்கு முன்பக்கத்தில் சின்னதாக ஒரு பொட்டு. உன்னுடையதற்கு டேங்க் மூடி முழுக்க. அதுதான் முகம்போல் வட்டமாக இருந்தது. பழைய சந்தனத்தைத் துடைக்க மனம் வராமல் அதன் மேலேயே புதியதைப் பூசுவான். வண்டி வழியில் நின்ற வாரங்களில் இன்னும் தாராளமாக.

அவனுடைய புதிய காரை நிறுத்த அவனுக்கு ஷெட் வேண்டியிருந்தது. "நம்ப வீட்டுக்கு இந்த வண்டி அச்சி ராலேது நைனா" என்றான். ராசியில்லை என்பதைத் தெலுங்கில் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. நீ சண்டை போட்டாய். அவன் ஒரு வழி சொன்னான்: "திருப்பதி வரைக்கும் ஒரே ஒரு தபா நிக்காத போய்க்கினு வா. அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். நின்னுச்சின்னா வித்துடுவேன்."

ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். நல்லபடியாகப் போக வேண்டுமென்று அவன்தான் காலையில் மூடி தெரியாத அளவுக்குப் பூசி, கற்பூரமும் காட்டினான். பிறகு தன் காரில் பின்னாலேயே வந்தான். காணிப்பாக்கம் பிரிவைத் தாண்டும்போது நீ ஸ்டீயரிங்கைத் தட்டி, "பாத்தியாடா?" என்றாய். சந்திரகிரிக்கு முன்னால் வண்டி இருமியது.

குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் துண்டில் ஊற்றிப் பம்பின் மேல் போட்டாய். மகன் வந்து நின்றான்.

"இருடா, சூடு ஆறட்டும். பத்தே நிமிசம்."

"பத்து நிமிசம், பத்து நிமிசம்னு உன் வயசே பூடுச்சி நைனா."

நம் கண்ணெதிரிலேயே போனை எடுத்துப் புத்தூர்க் கல்யாண மண்டபக்காரரிடம் விலை பேசி முடித்தான். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அங்கிருந்து திருப்பதி மலையடிவாரத்து அலிபிரி வரை நிற்கவே இல்லை.

சில மாதம் கழித்துப் புத்தூரில் ஒரு கல்யாணத்தில் அதைப் பார்த்தேன். மாப்பிள்ளை ஊர்வலம் அதில்தான்; ஒரு தடவைகூட நிற்காமல் ஊரையே சுற்றி வந்தது. மண்டபக்காரரிடம் என்ன ரிப்பேர் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ரிப்பேரா? ஒண்ணியும் இல்லீங்க. மூடி மேல சந்தனம் பாறை மாதிரி கெட்டியா இருந்திச்சி. போட்டோல அசிங்கமா விழும்னு சுரண்டிக் கழுவனேன்."

மூடியின் நடுவில் ஊசித் துளை ஒன்று இருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போவதற்கான துளை. அது அடைபட்டால் உள்ளே வெற்றிடமாகிப் பெட்ரோல் வராது; இஞ்சின் நிற்கும். சும்மா காத்திருந்தால் எங்காவது கொஞ்சம் காற்று கசிந்து நுழையும், இஞ்சின் ஓடும். ஈரத்துண்டுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

நீ அப்போது படுக்கையில் இருந்தாய். சொன்னேன். சிரித்தாய், சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆனது. அப்புறம் என் கையைப் பிடித்தாய்.

"அவன்கிட்ட சொல்லிடாத. நல்லதுன்னு நெனச்சித்தான்டா செஞ்சான். தெரிஞ்சா ஒடஞ்சி பூடுவான்."

"அப்ப நீ?"

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

உன் கருமாதி அன்று பந்தியில் உன் மகன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "அந்த வண்டியத் தள்ளிவுட்ட அப்புறந்தான் நைனா நிம்மதியா இருந்தாரு. இல்ல மாமா?"

இலையிலிருந்து தலையைத் தூக்கி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாம்ப்பா" என்றேன். அதன் பிறகும் எங்கே கண்டாலும் கேட்கிறான். நானும் அதையே சொல்கிறேன். உன்னை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை என்பதால், ஊரில் எல்லோரும் அதை நம்புகிறார்கள்.