யானையைப் பத்தால் வகுத்தால்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது என் இதயம் ராஜினாமா செய்தது. நுரையைத் துப்புவதற்குள் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாய் கொப்புளிப்பதற்குள் மறுபடி கொடுத்தது. இப்படி ஒரு நிலையற்ற அரசாங்கத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஆட்சி நடத்துவது?

சமையலறைக்குப் போய் மேலிடத்திடம் முறையிட்டேன். மேலிடம் என்பது என் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சர், வீட்டில் எல்லாம்.

"நெஞ்சுக்குள்ள நாலாயிரம் குதிரை ஓடுது. அதுல பாதி நொண்டி" என்றேன்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு பதில் உண்டு. நான் எது சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்வது எங்கள் குடும்பத்துச் சட்டம். கல்யாணமான முதல் வாரமே அவள் போட்டது. "அப்ப நானூறு குதிரை. ஓரமா கட்டிட்டு வந்து வெங்காயத்தை உரிங்க" என்பாள்.

இன்று அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை எடுத்துவந்து என் கையில் சுற்றினாள்.

ஒரு வருஷமாக இப்படித்தான். நான் சொல்வதையெல்லாம் நம்புகிறாள். ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

மார்ச் 5, வியாழன்

கரண்ட் டாக்டரைப் பார்த்தோம். இதயத்துக்கு இரண்டு ஜாதி டாக்டர்கள். ஒருவர் குழாய் அடைப்பு எடுப்பவர், இன்னொருவர் ஒயரிங் பார்ப்பவர். நம்முடையவர் ஒயரிங். நானும் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் நாங்கள் பேசினால் இரண்டு எலக்ட்ரீஷியன்கள் டீக்கடையில் பேசுவது போல இருக்கும்.

"போன தடவை சூடு வெச்ச இடத்துல ஒண்ணு ரெண்டு ஆறிப்போய் மறுபடி கரண்ட் பாயுது. திரும்ப ஒரு தடவை உள்ள போய் சுட்டுட்டா சரியாயிடும்" என்றார்.

"திரும்ப ஓட்டை விழுமா?"

"விழாதுன்னு சொல்ல மாட்டேன். நூத்துல ஒருத்தருக்கு விழலாம்."

"அந்த ஒருத்தர் நான்தானே டாக்டர். எனக்குப் பழகிப்போச்சு."

அவர் சிரித்தார். நான் மேலிடத்தைத் திரும்பிப் பார்த்தேன். பெற்றோர் கூட்டத்தில் அப்பன்மார்களை அழவைக்கும் பெண்மணி, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டோம்.

மார்ச் 6, வெள்ளி

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அதுவும், சூடு வைக்கத்தான் கூப்பிடுகிறோம் என்று சொல்லியே கூப்பிட்டால்?

எனக்கும் பயம்தான். இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா மகள் வந்தாள். என் சபையின் ஒரே நிரந்தர ரசிகை. வாலு என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வயதாகியும் வால் அறுந்தபாடில்லை.

மேலிடம் துணி காயப்போட மாடிக்குப் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே உட்கார்ந்தாள்.

"மாமா, அத்தை எனக்கு போன் பண்ணாங்க. ஆபரேஷன் வேணாம்னு நான் உங்ககிட்ட சொல்லணுமாம். அவங்க சொன்னதா சொல்லக் கூடாதாம்."

"நீதான் சொல்லிட்டியே."

"உங்க ரத்தம்தானே மாமா எனக்கும் ஓடுது. வாய் நிக்குமா?"

மாத்திரையோடு காலம் தள்ளலாமா என்று கேட்டாள். தள்ளலாம். ஆனால் ஒரு மாடி ஏறினாலே இமயமலை ஏறியவன் மாதிரி ஆகிவிடுகிறேன். லிஃப்ட் ரிப்பேர்காரனுக்கு லிஃப்ட் ஓடாத இடத்தில்தானே வேலை? படி ஏறாமல் எப்படி?

"அத்தைக்கு என்னதான் மாமா பயம்?"

எனக்குத் தெரியும். வாலுவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம் எல்லாம் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மார்பில் ஒரு பாரம். மேலிடத்திடம், "நெஞ்சு மேல ஒரு யானை உக்காந்திருக்கு" என்றேன். "பத்தால வகுத்தா ஒரு பூனை. விரட்டிட்டுத் தூங்குங்க" என்று வாய்விட்டுச் சிரித்தாள். காலையிலிருந்து பட்டினி கிடந்தவள், ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனாள்.

அது யானைதான். இதயத்தின் சுவரில் ஊசிமுனை அளவு ஓட்டை. ரத்தம் வெளியே கசிந்து சுற்றிலும் தேங்கி, இதயத்தை விரியவிடாமல் நெரித்துக்கொண்டிருந்தது. நர்சம்மா பார்த்துக் கத்தி, ஆட்கள் ஓடிவந்து, விலா எலும்புக்குக் கீழே ஊசி போட்டு ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார்கள். பாதி டீயோடு திரும்பியவள் கண்ணில் பட்டது என்னைச் சுற்றி நின்ற கூட்டம்.

அன்றிலிருந்து அவள் வகுப்பதில்லை. டீயும் குடிப்பதில்லை. கேட்டால் நெஞ்செரிச்சல் என்கிறாள். கணக்கு டீச்சருக்குப் பொய் சொல்லத் தெரியாது. விடை தப்பாக வரும்போது முகத்திலேயே தெரிந்துவிடும்.

மார்ச் 11, புதன்

இன்று ஒரு மீட்புப் போர்.

எட்டு மாடிக் கட்டடம். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே மாட்டியது ஒரு பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவர், இன்று தானே திறந்து அலறிக்கொண்டிருந்தார்.

பிரேக்கை விடுவிக்க மொட்டைமாடி மோட்டார் அறைக்கு என் கூட்டாளி போனான். ஐம்பது வயது, எண்ணெய் என்று பெயர், எங்கே கை வைத்தாலும் கறை. நான் நாலாவது மாடிவரை நின்று நின்று ஏறி, கதவு இடுக்கில் வாயை வைத்தேன்.

மாட்டிக்கொண்டவருக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என் தொழிலில் ஸ்பானருக்கு முன்னால் எடுக்க வேண்டியது பேச்சு. ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையும் பொண்ணும் நான் கதவைத் திறப்பதற்குள் சண்டை போட்டு, பிரிந்து, மறுபடி சேர்ந்து, பேரப்பிள்ளைகளோடு வெளியே வந்த கதையைச் சொன்னேன். உள்ளே அலறல் குறைந்தது. லேசாகச் சிரிப்புக்கூட.

"எப்பங்க திறப்பீங்க?" என்றார்.

"இருபது நிமிஷம் ஆகும் சார்."

அதில் மட்டும் விளையாட மாட்டேன். இருபது என்றால் இருபது. அஞ்சு நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஆறாவது நிமிஷமும் கதவு மூடியே இருந்தால், உள்ளே இருப்பவர் அப்புறம் எதையுமே நம்ப மாட்டார். கதை எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம். கதவு எப்போது திறக்கும் என்பதை மட்டும் அளக்கக் கூடாது.

சொன்ன நேரத்துக்குத் திறந்தது. பல் டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எண்ணெயைக் கட்டிப்பிடித்தார், வெள்ளைச் சட்டை போயிற்று.

இறங்கும்போது மூன்றாவது மாடியில் குதிரைகள் கிளம்பின. படியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது — முன்பின் தெரியாத ஒரு பல் டாக்டருக்குக் கொடுக்கிற அந்த ஒரு நிஜ வரியை, இத்தனை வருஷத்தில் நான் வீட்டுக்காரிக்குக் கொடுத்ததே இல்லையே? எது கதை, எது கதவு என்று அவள் எப்படித்தான் கண்டுபிடிப்பாள்?

மார்ச் 14, சனி

மேலிடத்துடன் உச்சி மாநாடு. இடம்: சாப்பாட்டு மேசை. பரீட்சைத் தாள்களை ஓரமாக நகர்த்தச் சொன்னேன்.

"ஒரு ஏற்பாடு செய்யலாம். நான் உன்னை மேலிடம்னு கூப்பிட்டாலும் மகாராணின்னு கூப்பிட்டாலும், நீ பாட்டுக்கு வகுத்துக்க. 'டீச்சர்'னு கூப்பிட்டுச் சொன்னா மட்டும் வகுக்காதே. அது அப்படியே நிஜம்."

சிவப்புப் பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"எனக்கு இப்ப எதையும் வகுக்க வரலைங்க."

"ஏன்?"

"ஏனா? சிரிச்சேங்க நான்! நீங்க மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கிடந்தீங்க, நான் பூனைன்னு சொல்லிட்டு, சிரிச்சுட்டு, போய் டீ குடிச்சேன். சர்க்கரை பத்தலைன்னு அந்தக் கடைக்காரன்கிட்ட சண்டை வேற போட்டேன்..."

அழுதுவிட்டாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது குறைவு. நானும் எழுந்துபோய்... என்ன செய்யறதுன்னே தெரியல. தோள்ல கையை வெச்சுக்கிட்டு நின்னேன். வாய்க்கு எதுவும் வரல. எனக்கு!

அப்புறம் சொன்னேன். "டீச்சர்."

நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்தப்ப எனக்குக் கடைசியா கேட்டது உன் சிரிப்புதான். அது வராந்தாவுல போய்க்கிட்டே இருந்துச்சு. அதைக் கேட்டுக்கிட்டே போனதால எனக்குப் பயமே வரலை."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளில் அடித்தல் திருத்தல் இருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"வகுக்க வேணாமா?"

"வேணாம்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள். ஒரு பிள்ளைக்கு இரண்டு மார்க் அதிகமாகவே போட்டாள். நான் பார்த்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஆபரேஷனுக்குச் சம்மதித்தோம். யாமும், மேலிடமும்.

மார்ச் 20, வெள்ளி

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து. கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், வரலாற்று ஆசிரியர்கள் மன்னிக்க.

நேற்று காலையிலேயே என் பரம்பரைக் காடுகள் அழிக்கப்பட்டன. தொடை இடுக்கு வழியாகத்தான் ஒயர் உள்ளே போகுமாம். ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேமராவை விழுங்கச் சொன்னார்கள். "சினிமாவுல நடிக்கணும்னு ஆசைதான், ஆனா இப்படி உள்ளேருந்து எடுப்பாங்கன்னு நினைக்கலை" என்றேன். வாலு சிரித்தாள். மேலிடம் சிரிக்கவில்லை. என் போர்வையை நாலு முறை சரிசெய்தாள்.

தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அந்த இரட்டைக் கதவுக்கு அப்பால் யாரும் கூட வரக் கூடாது. கதவு மூடிக்கொண்டு வந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், எழுந்து ஓடியிருப்பேன், பின்பக்கம் திறந்த அந்த அங்கி மட்டும் இல்லையென்றால்.

அப்போது கதவு இடுக்கிலிருந்து ஒரு குரல்.

"ஏங்க, கேக்குதா?"

"கேக்குது."

"நான் இங்கயேதான் நிக்கறேன். லட்சம் வருஷம் ஆனாலும் நிப்பேன். என் காலுக்கடியில வேர் விட்டு, தலையில குருவி கூடு கட்டினாலும் நகர மாட்டேன்!"

வண்டி தள்ளுகிற பையன்கூட நின்றுவிட்டான். தசம புள்ளிக்கு அப்புறம் இரண்டு ஸ்தானம் வரை சுத்தமாகப் பேசுகிற பெண்மணி அது!

"நிஜமா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கத்தினேன்.

"மூணு மணி நேரம். நாலு கூட ஆகலாம்னாரு."

கதை கதையாகவும், கதவு கதவாகவும். என் தொழிலை நான் எவருக்கும் இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. மயக்க மருந்து ஏறும்போது குருவிக்கூட்டை நினைத்துக்கொண்டே போனேன்.

கண் விழித்தபோது வார்டு. அதே மாதிரிக் கட்டில், அதே மாதிரித் திரை. மேலிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

"நெஞ்சு எப்படி இருக்கு?"

நாக்கு நுனியில் ஒரு டைனோசர் தயாராக இருந்தது. விழுங்கினேன்.

"டீச்சர். லேசா எரியுது. பாரம் இல்லை. மூச்சு நல்லா வருது. முதுகுதான் வலிக்குது, காலை மடக்கக் கூடாதுன்னுட்டாங்க."

நம்பினாள். நம்பியும், நர்சம்மாவைக் கூப்பிட்டு வரிக்கு வரி ஒப்பித்தாள். அவர்கள் ஸ்கேன் கருவியைக் கொண்டுவந்து மார்பில் பசையைத் தடவிப் பார்த்தார்கள். கசிவு இல்லை. கரண்ட் டாக்டர் வந்து, "ஒயரிங் முடிஞ்சது" என்று கட்டைவிரலைக் காட்டினார்.

"நீங்க கீழ போய் ஏதாவது சாப்பிடுங்க அத்தை" என்றாள் வாலு.

"அப்புறம் பாத்துக்கலாம்" என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். வேர் விட்டுவிட்டது போல.

மார்ச் 24, செவ்வாய்

வீடு. உள்ளே குதிரைகளைக் காணோம். அந்த இடத்தில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். டக். டக். டக். என்ன ஒரு அழகான சலிப்பு!

மார்ச் 30, திங்கள்

ஒரு மாடி ஏறினேன். இமயமலையைக் காணவில்லை.

மேலிடம் இன்னும் பட்டையோடுதான் திரிகிறாள்.

ஏப்ரல் 9, வியாழன்

சாயங்காலம். சாப்பிட்ட தட்டுகள் தொட்டியில். இன்று என் முறை. முறையைத் தட்டிக்கழிப்பது என் பிறப்புரிமை.

சோபாவில் சாய்ந்தேன். யோசிக்கவே இல்லை, பழக்கதோஷம், வாயிலிருந்து வந்துவிட்டது.

"முடியல மகாராணி. நெஞ்சு மேல ஒரு யானை உக்காந்திருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மேசையில் தாள் திருத்திக்கொண்டிருந்தவளின் பேனா நின்றது. என்னைப் பார்த்தாள். ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை. அவளும் அவசரப்படவில்லை, பட்டையையும் தேடவில்லை.

"பூனைதானே?" என்றாள் கடைசியில். "அதையும் இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுப் போய்த் தட்டைக் கழுவுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வராந்தாவரை போகிற அந்தச் சிரிப்பு.

போய்க் கழுவினேன். தட்டு இரண்டு, கிண்ணம் இரண்டு. அவற்றுக்கு அடியில் அவளுடைய டீ டம்ளர். அடிவரை குடித்திருந்தாள்.