பதினோராம் கட்டிலுக்கு நின்ற ஆள்

ஜூலை 6, ஞாயிறு
மாப்பிள்ளையின் வாப்பா ஷரிபுதீன் ஹாஜியார் வீடு பார்க்க வந்தார். சீனி வருத்தத்தால் காலில் புண். நொண்டிக்கொண்டே அறை அறையாகப் பார்த்தார். என் மகள் அஸ்னாவுக்குச் சீதனமாக எழுதும் வீடு, அவர் மகன் வந்து குடியிருக்கப்போகும் வீடு, பார்க்கத்தானே வேண்டும். பின்னறை பூட்டியிருந்தது. "நெல்லு மூட்டை கிடக்கு" என்றேன்.

நெல்லு மூட்டை அந்நேரம் என் புடவைக் கடையில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தது. ஜவுபர் காக்கா. அந்தப் பின்னறைக்காரர், என் கூடப்பிறந்தவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், இந்த வருடம் ஐம்பது. ஓட்டிசம் என்று டொக்டர் சொன்னது போன வருடம்தான். எங்கள் உம்மா மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு அவரைப் பார்ப்பது அஸ்னாதான்.

ஜூலை 8, செவ்வாய்
காக்காவுக்கு இரண்டு நாளாகச் சத்தி, குடித்த தண்ணீரும் வாந்தியாகப் போகிறது. ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்து மறித்துவிட்டார்கள். ஆண்கள் வாட்டில் பெண்கள் நிற்க முடியாது, அதனால் துணைக்கு நான் நின்றேன். பதினோராம் கட்டில். பன்னிரண்டில் யார்? புண்ணைக் கட்டிக்கொண்டு ஷரிபுதீன் ஹாஜியார்.

"இது ஆரு தம்பி?"

"எங்கட கடையில வேலைக்கு நிக்கிற ஆள்."

வாயில் தானாக வந்துவிட்டது. இல்லை, பொய். யோசித்துத்தான் சொன்னேன். காக்கா என்னைப் பார்க்கவில்லை. அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஜூலை 9, புதன்
டொக்டர் வயிற்றை அமத்தி "நோகுதா?" என்றார். "நோகுதா" என்றார் காக்கா. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். சில சொற்கள் மாதக்கணக்கில் நாவில் நின்றுவிடும்.

டொக்டர் என்னிடம் திரும்பினார். "இவருக்கு நோவு வந்தா எப்படி விளங்கும்? வீட்டாக்கள் ஆரும் இல்லையா?"

காக்கா சேட்டுக் கொலரைக் கடித்துக்கொண்டிருந்தார். கொலரைக் கடித்தால் நோவு. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் முதலாளிக்கு வேலையாளின் கொலரைப் பற்றி என்ன தெரியும்? ஹாஜியார் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

"தெரியா டொக்டர்" என்றேன்.

ஜூலை 10, வியாழன்
குடல்வால் வெடித்துவிட்டது.

நோயாளர் பார்க்கும் நேரம் அஸ்னா வந்தாள். ஈரக் கொலரைக் கண்டதும் "பெரியவாப்பாக்கு நோகுது, ஆரும் பார்க்கல்லையா?" என்று வாட்டு முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு நேர்சிடம் ஓடினாள். உடனே ஸ்கான். அங்கிருந்து நேரே ஒப்பரேசன் தியேட்டர். "நேத்தே தெரிஞ்சிருந்தா சின்ன விசயம்" என்றார் டொக்டர். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

தியேட்டர் வாசலில் அஸ்னா கேட்டாள்: "நீங்க பக்கத்திலதானே வாப்பா இருந்தீங்க?"

ஓம் மகள். பக்கத்திலதான் இருந்தேன். என்ன மனிசன்டா நீ –

ஜூலை 12, சனி
காக்கா கண் விழித்தார். அல்ஹம்துலில்லாஹ்.

சேலைன் வயரைப் பிடுங்கினார், கைகளைக் கட்டினார்கள். நேர்ஸ் தனுசன் ஒரு தாளை நீட்டினார். "இவரப் பத்தி எழுதித் தாங்களன், அதப் பார்த்து நடப்பம்." நாலு வரிக்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. தொட முன் சொல்ல வேண்டும், தட்டில் சோறும் கறியும் முட்டக்கூடாது, மின்விசிறிச் சத்தம் ஆகாது – இதெல்லாம் அஸ்னா போனில் சொன்னவை. கொலரைப் பற்றி நானே எழுதினேன். தனுசன் அதைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். பின்னேரம் கட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

ஹாஜியாரிடம் போய், "அவர் என்ட கூடப்பிறந்த காக்கா" என்றேன்.

"விளங்கிட்டு" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு
கல்யாணப் பேச்சு முறிந்தது. ஹாஜியாரே எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். "ஒங்கட காக்கா இருந்தா எங்களுக்கென்ன தம்பி? எனக்கு ஏலாமப் போனா நானும் மகன் இருக்கிற வீட்டிலதான் வந்து கிடக்கணும். அப்ப வாற ஆக்களுக்கு என்னை ஆருண்டு சொல்லுவீங்க?"

அஸ்னா தேவைக்கு மட்டும் என்னோடு கதைக்கிறாள்.

ஜூலை 27
பின்னறைப் பூட்டைக் கழற்றி எறிந்தேன்.

ஓகஸ்ட் 4, திங்கள்
கிளினிக். அஸ்னாவும் வந்தாள். நேர்ஸ் பிள்ளை நல்ல பிள்ளை, என்னிடம் கேட்காமல் காக்காவிடமே குனிந்து, "நீங்க ஆரு? பேர் என்ன?" என்றது.

"வேலைக்கு நிக்கிற ஆள்" என்றார் காக்கா.

"இல்ல மிஸ். என்ட காக்கா. ஜவுபர்" என்றேன்.

திரும்பும்போது ஓட்டோவில் மெதுவாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். "என்ட காக்கா. சொல்லுங்க, காக்கா."

"வேலைக்கு நிக்கிற ஆள்" என்றார். கொலரைக் கடிக்கவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அஸ்னா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.