அப்பா அறுத்த மிதவை

சீனிவாசபுரம், வியாழன் காலை

அன்பு மகன் வடிவேலுவுக்கு, அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதி, அடித்துவிட்டேன். நீ நலமாக இருக்க வேண்டும். உங்கள் கப்பலுக்குச் சாமான் கொண்டுவரும் குலாம் முகம்மது அண்ணன் வாசலில் நிற்கிறார். நீயாகக் கூப்பிட்டால்தான் பேச முடிகிறது, அதனால் இந்தக் கடிதம். பெருங்குடி ஆபீஸில் உன் தங்கைக்கு இன்டர்நெட் இன்னும் தவழ்கிறது. அண்ணன் எப்போ ஒட்டுவான் என்று தினமும் கேட்கிறாள்.

கடலடியில் அறுந்த இன்டர்நெட் கேபிளின் ஒரு முனையைத் தூக்கி மிதவையில் கட்டிவிட்டோம், மறுமுனை கிடைத்ததும் சேர்த்துவிட்டு வருவேன் என்று ஞாயிறன்று சொன்னாய். திங்களன்று அப்பா ஒரு பெரிய ஆரஞ்சு மிதவையை இழுத்துவந்தார். கயிற்றை அறுக்க அவரும் படகில் கூடப் போகும் ஜானும் ஒரு மணி நேரம் பட்டார்களாம். யாருது இது என்றேன். கடல்ல அநாதையா கெடந்தா எடுத்தவனுக்குத்தான், உனுக்கு இன்னா தெரியும் என்று சிரித்தார். நம் குப்பத்தில் எப்போதும் அப்படித்தானே. நானும் அதன்மேல் துணி காயப்போட்டேன்.

நேற்று நீ கூப்பிட்டு, மிதவையக் காணோம்மா, காத்து அறுத்துக்கினு போயிருக்கும், கொக்கிய எறக்கித் தரையத் துழாவணும், புயல் வந்தாலும் கெடைக்கிற வரைக்கும் இங்கதான் என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார். ஊசி நின்றது. நீ வைத்ததும் மிதவையில் இருந்த இங்கிலீஷ் எழுத்தை என்னைப் படிக்கச் சொன்னார். உன் சட்டையில் தைத்திருக்கும் அதே கப்பல் பெயர். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை.

இன்று விடிந்தபோது மிதவை இல்லை. படகும் இல்லை. துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறது, குப்பத்தில் வேறு யாரும் போகவில்லை. ஜானைக்கூட எழுப்பவில்லை. போனை அரிசி டப்பாமேல் வைத்துவிட்டு, அறுத்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைக் காலண்டர் தாளில் எழுதிவைத்துப் போயிருக்கிறார். அதை இதற்குள் மடித்திருக்கிறேன். கடலோரக் காவலில் படகு காணோம் என்று மட்டும் சொன்னேன். மிதவையைச் சொல்லவில்லை. அவரைப் பிடிப்பார்கள், உன் வேலை போகும் என்று பயந்தேன். இதைக் கொடுத்துவிட்டு நேரே அங்கேதான் போகிறேன், மீதியையும் சொல்ல. நீயும் கேப்டனிடம் தாளைக் காட்டு. யார் அறுத்தது என்று கேட்டால் என் அப்பா என்று சொல்.

எல்லைக்காத்தம்மன் உன்னைக் காப்பாள். காதுக்குத் துணி கட்டிக்கொள், ஈரக்காற்று உனக்கு ஆகாது. முனை எங்கேயும் போகாது, அடியில்தான் கிடக்கும். கொக்கியை இறக்குவதற்கு முன்னால் தண்ணீர்மேல் பாருங்கள். நீலப் படகு. தனி ஆள்.

உன் அம்மா,
முத்துமாரி