கவிநேசனுக்கு வந்தது

செங்,
9 மார்ச் 2025

கவி அப்பாவுக்கு,

நலம்தானே? போனில் என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். அங்கே ஓவர்டைம் அதிகம் என்று உங்கள் தம்பி காந்தன் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். பேக்டரி ஷிப்ட் முடிந்து வந்து ஆன்லைனில் உயிரியல் படிக்கிறேன். தாதியர் படிப்புக்கு அது வேண்டும். நம் பிள்ளை கவி வார்டில் கிடந்தபோது டாக்டர்கள் பேசியது எதுவும் எனக்கு விளங்கவில்லை. இனியாவது விளங்கட்டும் என்று சேர்ந்தேன்.

போன வாரம் மரபணுப் பாடம். ஆசிரியை நான்கு கட்டம் வரைந்து கவிக்கு வந்த தலசீமியாவைத்தான் உதாரணம் காட்டினார். தாய் தகப்பன் இருவர் இரத்தத்திலும் குறை இருந்தால்தான் பிள்ளைக்கு அந்தப் பெரிய நோய் வருமாம். மூன்று தடவை திரும்பப் போட்டுக் கேட்டேன்.

என் இரத்தத்தில் குறை இருப்பது உண்மை. உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னது நீங்கள் மட்டும்தான். அதை நம்பித்தான் அத்தை என்னைப் பிள்ளையைத் தின்றவள் என்றார்கள். சண்டைக்கு எழுதவில்லை. உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள்
மலர்

சுங்கை ஊடாங்,
21 மார்ச் 2025

அன்பு மலர்,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

படிவம் நான்கில், பதினாறு வயதில், பள்ளிக்கூடத்தில் இரத்தம் எடுத்தார்கள். எனக்கும் குறை இருப்பதாகக் கார்டு வந்தது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்றார்கள், தூக்கிப் போட்டுவிட்டேன். கவி வெளுத்துப்போனபோதுதான் நினைவு வந்தது. டாக்டரும் தனியாகக் கூப்பிட்டு, இருவரிடமிருந்தும் வந்தது என்றார். வெளியே வந்தேன். "அவ ரத்தந்தானே?" என்று அம்மா கேட்டார். தலையாட்டினேன். அதற்குப்பின் மாற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

திரும்பி வா. தனி வீடு பார்க்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த மாதம் காந்தனுக்குக் கல்யாணம். அது முடியும்வரை யாரிடமும் சொல்லாதே.

கணேஸ்

செங்,
30 மார்ச் 2025

கணேஸ்வரனுக்கு,

உங்கள் தம்பிக்கும் அந்தக் குறை இருக்கலாம். கட்டப்போகிற பெண்ணுக்கும் இருக்கலாம். இது தெரிந்துமா கல்யாணம் முடியட்டும் என்று எழுதினீர்கள்?

நேற்று நீங்கள் வேலைக்குப் போனபின் வீட்டுக்கு வந்தேன். காந்தனிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். அத்தை காதில் விழும்படி அவர் சத்தமாகவே வாசித்தார். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, இரண்டு பேரும் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அங்கேயே பெண் வீட்டுக்குப் போன் போட்டார்.

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனார்கள். பிறகு, "இரு, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றார்கள். பிள்ளையின் உடலைக் குளிப்பாட்டியபோது என்னைத் தொடவிடாமல் பிடித்து இழுத்த கை, எனக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டது. நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நோய்க்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். அதில் பாதி நான் கொடுத்தது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளை, நான்தான் கொன்றேன் என்று நம்பவிட்டீர்கள். ஒரு வருஷமாக அதை நம்பித்தான் எழுந்து படுத்தேன்.

வீடு பார்க்க வேண்டாம். பத்தாம் தேதி எனக்குப் பரீட்சை. அது முடிந்ததும் வக்கீலைப் பார்க்கிறேன். கையெழுத்துப் போட மட்டும் வாருங்கள்.

தேவமலர்