கதை எழுதிய கொப்பி

கண்டி,
14.06.1986

அன்புள்ள மங்களம்,

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைத் தெரிந்துகொள். சட்டத்தரணியிடம் வேலை செய்யும் இராமையா இதைக் கொண்டுவருவார். பதிலையும் அவரிடமே கொடு.

என்னை இந்த முகாமுக்குப் பிடித்துவந்தது என் கதைக் கொப்பிக்காக. மக்கீன் நானாவின் வீடியோக் கடையில், இங்கிலீஷ் விளங்காதவர்களுக்காக ஒவ்வொரு கசற்றின் கதையையும் தமிழில் எழுதிவைப்பேனே, அதுதான். கார்ப் பந்தயக்காரர் இருவரின் போட்டிக் கதையை ஒருவரும் கவனிக்கவில்லை. அதிரடிப் பொலிஸ் கதையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வங்கிக்குள் எந்த வாசலால் நுழைவது, கூரையில் யார் படுப்பது என்று வரைபடமும் கீறியிருந்தேன். எந்த வங்கியைக் கொள்ளையடிக்க என்று கேட்டு அடிக்கிறார்கள். அந்தக் கசற்றைத் தேடிக் கொண்டுவந்து காட்டு. பார்த்தால் விட்டுவிடுவார்கள்.

உன்
தேவராசா


பேராதனை,
19.06.1986

அன்பின் அத்தான்,

கதை எழுதினால் போதாதா, வரைபடமும் கீறாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதா? திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஐந்து நாளாக நான் தூங்கவில்லை.

திகனவிலுள்ள கடைக்குப் போனேன். நீங்கள் பிடிபட்ட அன்றே மக்கீன் நானா கசற்றுகளையெல்லாம் போட்டுக் கொளுத்திவிட்டார். "கோவிச்சுக்காதீங்க தங்கச்சி, எங்களுக்கும் புள்ளைகள் இருக்கே" என்று அவர் மனைவி ருக்கியா அழுதார். அந்தக் கசற் மட்டும் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து வீரய்யாவிடம் இருப்பதாகச் சொன்னார். அங்கும் போனேன். "எடுத்துட்டுப் போங்கம்மா. எங்க வீட்டுல இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க" என்றார் வீரய்யா. சத்தியம் செய்து கொடுத்தேன். அடுத்த வியாழக்கிழமை கொண்டுவருகிறேன்.

உங்கள்
மங்களம்


கண்டி,
22.06.1986

மங்களம்,

வலது கை வீங்கியிருப்பதால் நான் சொல்ல இராமையா எழுதுகிறார். நீ அந்தக் கசற்றோடு பஸ் ஏறி இறங்கியதை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. கூரைக் காட்சி நாற்பதாவது நிமிஷத்தில் வரும். அதைக் கட்டாயம் பார்க்கச் சொல். இன்னும் ஒரு கிழமை என்னால் தாங்க முடியாது.

தேவராசா


பேராதனை,
30.06.1986

அத்தான்,

முகாமிலேயே டெக்கில் போட்டுக் காட்டினேன். சமையற்காரன் வரை எல்லோரும் வந்து பார்த்தார்கள். அதிகாரி உங்கள் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். கூரைக் காட்சி வந்ததும், "ஹரி, ஹரி", சரிதான் என்று தலையாட்டினார். உங்களைக் கையோடு கூட்டிவரலாம் என்றே நினைத்தேன்.

முடிந்ததும் சொன்னார்: "கதை சரி நோனா. உங்க புருஷன் மாத்தயா பேங்க் அடிக்க எங்க படிச்சதுன்னு இப்ப தெரியும் தானே."

கசற் எங்கே இருந்தது என்று கேட்டார். வீரய்யாவுக்காக, எங்கள் வீட்டில் என்றேன். கசற்றை ஒப்படைத்ததற்கு என்று சிங்களத்தில் ஒரு தாள் நீட்டினார்கள். மறுத்தால் உங்களை இன்னும் அடிப்பார்கள் என்று பயந்து கையெழுத்து வைத்தேன்.

இன்று சட்டத்தரணி அதை வாசித்துச் சொன்னார். நீங்கள் அதை வீட்டில் திரும்பத் திரும்பப் பார்த்து, வங்கிக்குள் நுழையப் பழகினீர்கள் என்று நானே சொன்னதாக இருக்கிறதாம். எங்கள் வீட்டில் வீடியோ டெக்கே இல்லையே அத்தான்! அதையாவது சொல்லியிருக்கலாம்.

வீரய்யாவின் பெயரைச் சொன்னால் அந்த வாக்குமூலத்தை மாற்றலாமாம். என்ன செய்ய? உடனே எழுதுங்கள்.

மங்களம்


பேராதனை,
18.07.1986

அத்தான்,

பதில் இல்லை. உங்களை லொறியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய்விட்டார்கள், இடம் தெரியாது என்கிறார் இராமையா. போன கடிதத்தையும் திருப்பித் தந்துவிட்டார். இதையும் எங்கே அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன்.

நீங்கள் இருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். தெரியும். ஆனாலும் செவ்வாய்க்கிழமை போய் வீரய்யாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். அதிகாரி நன்றி சொல்லி, கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணியும் தந்தார்.

அன்று பின்னேரமே வீரய்யாவைப் பிடித்துவிட்டார்கள். கூட்டாளியாம். உங்களை விடவில்லை.

மங்களம்